பஸ் ஓட்டிய பாடகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஆர்தர் அலெக்சாண்டர் அவர்களுக்கு,

உங்களைத் தேடி நான் வரவில்லை. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு 1963இல் வெளியிட்ட முதல் முழு இசைத்தட்டில் 'அன்னா' என்ற பாட்டைக் கேட்டேன். எழுதியவர் யார் என்று பார்த்தால் உங்கள் பெயர். அதற்கு முந்தைய ஆண்டே நீங்கள் பாடி வெளியிட்டதைத் தேடிப்பிடித்தேன். பீட்டில்ஸ் பாட்டில் அவர்களின் ஜான் லெனன் கெஞ்சுகிறார். நீங்கள் கெஞ்சவே இல்லை. இன்னொருவனிடம் போகிறவளிடம் மோதிரத்தை மட்டும் திருப்பிக் கேட்டுவிட்டு, வாசல்வரை வந்து வழியனுப்புகிறீர்கள். ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசை என்றாலே தொண்டை கிழியக் கதற வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு அந்த மரியாதை புதிது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1961இல் நீங்கள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு ஓட்டலில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த இருபத்தொரு வயது கறுப்பின இளைஞர். அந்த மே மாதம்தான் அதே மாநிலத்தின் அனிஸ்டனில், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து வந்த பஸ்ஸுக்கு நிறவெறிக் கும்பல் தீ வைத்தது. அதே ஆண்டில், அதே மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் ஊரில் புகையிலைக் கிடங்காக இருந்த ஒரு கட்டடத்தில், உள்ளூர் வெள்ளைக்காரப் பையன்கள் வாசிக்க நீங்கள் 'யூ பெட்டர் மூவ் ஆன்' பாடினீர்கள். அந்தப் பாட்டிலும் குரல் உயரவில்லை. பணக்காரப் போட்டியாளனிடம் "நீ நகர்ந்துகொள்வது நல்லது" என்று அமைதியாகச் சொல்கிற பாட்டு. மிரட்டல்தான், ஆனால் நாற்காலியைவிட்டு எழாமல் விடுக்கும் மிரட்டல்.

பாட்டு 1962இல் அமெரிக்கப் பட்டியலில் 24ஆம் இடம்வரை போனது. அதில் வந்த பணத்தைக் கொண்டு, அதைப் பதிவுசெய்த தயாரிப்பாளர் ரிக் ஹால் புதிய ஃபேம் ஸ்டுடியோவைக் கட்டினார். பின்னாளில் புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர்களான வில்சன் பிக்கெட்டும் அரீதா ஃபிராங்க்ளினும் பாடிய கூடம் அது. இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'யூ பெட்டர் மூவ் ஆன்' பாட்டைப் பாடினார்கள். உங்கள் முதல் தட்டான 'சாலி சூ பிரவுன்' பாட்டை 1988இல் பாப் டிலன் பாடினார். பீட்டில்ஸ், ஸ்டோன்ஸ், டிலன் ஆகிய மூன்று தரப்பும் எடுத்துப் பாடிய பாடலாசிரியர் என்று உங்களைப் பெருமையாகக் குறிப்பிடுவார்கள். எனக்கு அந்தப் பெருமை கொஞ்சம் கசக்கிறது. வேறு யாரோ பாடியதால்தான் உங்களுக்கு மதிப்பு என்பதுபோல இருக்கிறது.

அவர்கள் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தபோது நீங்கள் பாட்டை விட்டு விலகி, ஓஹையோவின் கிளீவ்லாந்தில் ஒரு சமூக சேவை மையத்துக்கு பஸ் ஓட்டினீர்கள். 1972க்குப் பிறகு முழு இசைத்தட்டு ஒன்றும் இல்லை. 1993இல் 'லோன்லி ஜஸ்ட் லைக் மீ' வந்தது. இருபத்தொரு ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் அந்தக் குரலில் அவசரமே இல்லை. மறுபடி மேடையேறத் தொடங்கியிருந்தீர்கள். அந்த ஜூன் 9ஆம் தேதி, நாஷ்வில்லில், 53 வயதில் இதயம் நின்றுவிட்டது.

ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்த பஸ்ஸில் வானொலி இருந்ததா? என்றாவது அதில் லெனனின் குரலில் 'அன்னா' வந்ததா? வந்திருந்தால், "இது என் பாட்டு" என்று பின்னால் திரும்பிச் சொன்னீர்களா, அல்லது அடுத்த நிறுத்தத்தில் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருந்தீர்களா?

அன்புடன்,
தாமதமாக வந்து சேர்ந்த ஒரு ரசிகன்