டோலக்கை மிருதங்கம் ஆக்கிய கட்டுரை பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விளம்பர இசை குறித்துச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தோடு. இரண்டாம் முறை, நான் படித்தது சரிதானா என்று பார்ப்பதற்காக. ஒரு நிறுவனத்தின் மெட்டை விழாவுக்கு விழா, ஊருக்கு ஊர் எப்படி மாற்றி அமைக்கிறார்கள் என்று விளக்கிவந்த கட்டுரையாளர், நாதஸ்வரப் பாணிக்கு ஒரு பத்தியும் வயலின் குழுவுக்கு இரண்டு பத்தியும் ஒதுக்கிவிட்டு, எங்கள் பகுதிக்கு வந்ததும் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்: “வட சென்னைக்கு என்றால் வேலை சுலபம், மெட்டு அப்படியே இருக்க, அடியில் கானா தாளத்தைப் போட்டால் போதும்.” மெட்டு பேசின் பிரிட்ஜ் வரைக்கும்தான் வரும், அதற்கு வடக்கே தாளம் மட்டுமே உண்டு என்னும் செய்தி, ராயபுரத்தில் பிறந்து 40 ஆண்டுகளாகக் கிளாரினெட் வாசித்துவரும் எனக்கு இதுவரை எட்டாமல் போயிற்று. தெரிவித்தமைக்கு நன்றி.

அந்தச் சுலபமான வேலையை நானும் செய்திருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள ஒரு துணிக்கடைக்கு ஐந்து ஸ்வரத்தில் ஒரு மெட்டு அமைத்தேன். ஸ ரி ப ம க. கடைசி ஸ்வரமான காந்தாரத்தின்மேல் (க) கடையின் பெயர் நீண்டு நிற்கும். ரிஷபத்திலிருந்து (ரி) பஞ்சமத்துக்கு (ப) போகும் அந்தத் தாவலும், கீழே இறங்காமல் நிற்கும் காந்தாரமும்தான் அதன் முகம். ஆடித் தள்ளுபடிக்குப் பம்பை உடுக்கையோடு வேண்டும் என்றார்கள். மெட்டோ நாலெண்ணிக்கை, பம்பையோ மூன்று மூன்றாக ஓடுவது. முதலில் ஐந்து ஸ்வரத்தையும் சமமாகப் பரப்பி வாசித்தபோது பஞ்சமம் தட்டு விழாத இடத்தில் போய் உட்கார்ந்தது. கேட்ட கடைப் பையன் அதை ஏதோ கோயில் பாட்டு என்றான். ரிஷபத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டு, பஞ்சமத்தைத் தட்டின்மேல் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் கடை தெரிந்தது.

கானாவுக்கு வருவோம். பாட வந்த தம்பி வியாசர்பாடிக்காரர். மெட்டை இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, மெட்டு இருக்குது, பேச்சு இல்லியே” என்றார். கானாவில் சொல்தான் முன்னே போகும், மெட்டு அதன் பின்னே வரும் என்பதும், அடியின் கடைசிச் சொல்லை இழுத்துக் கீழே இறக்குவதில்தான் பாடுபவரின் தனித்தன்மை இருக்கிறது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. எங்கள் மெட்டு இறங்கவே கூடாதது. இறங்கினால் கானா உண்டு, கடை இல்லை. இறங்காவிட்டால் கடை உண்டு, கானா இல்லை. ஒரு பிற்பகல் முழுவதும், நான்கு டீக்குப் பிறகு, அவர் தம் இழுப்பையெல்லாம் முந்தைய அடியிலேயே தீர்த்துக்கொள்வதென்றும், கடையின் பெயர் வரும் இடத்தில் டோலக்கை அறவே நிறுத்திவிடுவதென்றும் முடிவாயிற்று. கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்: நாங்கள் தாளத்தைப் போடவில்லை, எடுத்தோம்.

அதே விளம்பரத்தை ஆட்டோவில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிக்காக 30 விநாடியிலிருந்து 10 விநாடிக்குக் குறுக்கியபோது வேறொரு சங்கடம் வந்தது. அந்தக் கூம்பில் கீழ்ச்சத்தம் எடுபடாது. கட்டுரையாளரின் செய்முறைப்படி ‘அடியில் போட்ட’ தாளத்தில் பாதி தெருவுக்கு வந்து சேரவே இல்லை. கிளாரினெட்டை மேல் ஸ்தாயிக்கு ஏற்றிச் சரிசெய்தேன்.

அவரே வியந்து எழுதியிருக்கும் டைட்டன் விளம்பர இசையை எடுத்துக்கொள்ளுங்கள். மொசார்ட் 1773இல், தம் 17ஆம் வயதில் எழுதிய 25ஆம் சிம்பொனியின் முதல் பகுதியிலிருந்து வந்தது அது. அதை இந்திய வாத்தியங்களில் மாற்றி அமைத்தவர்களை ‘நுட்பமான கலைஞர்கள்’ என்கிறார். ஆட்சேபணை இல்லை, நுட்பமானவர்கள்தான். நோக்கியா மெட்டையும் குறிப்பிடுகிறார். தாரேகா என்னும் ஸ்பானியக் கிதார் கலைஞர் 1902இல் எழுதிய வால்ட்ஸ் என்னும் நடன இசையிலிருந்து எடுத்தது அது. மூன்றெண்ணிக்கை, 13 ஸ்வரம். அதற்கு நாலெண்ணிக்கையில் ஒரு தாளத்தை அடியில் போட்டுப் பார்க்கட்டும். எதை நீட்டுவது, எதைக் குறுக்குவது என்ற கேள்வி இரண்டாவது ஸ்வரத்துக்குள் வந்து நிற்கும். மொசார்ட்டுக்குத் தேவைப்பட்ட நுட்பம் கானாவுக்கு மட்டும் எப்படித் தேவைப்படாமல் போகும்?

இது இன்று நேற்று வந்த வருத்தம் அல்ல. தங்கள் மார்கழிச் சிறப்பிதழ்களில் சங்கீதம் மயிலாப்பூரில் தொடங்கித் தியாகராய நகரில் முடிந்துவிடும். எங்கள் ஊரைப் பற்றி எது வந்தாலும் துறைமுகத்துக் கிரேன் படம் ஒன்று கூடவே வரும். கானா என்றால் சாவு வீடு, சாவு வீடு என்றால் குடித்துவிட்டு ஆடும் இளைஞர்கள். தேவாலயப் பாடற்குழுவில் ஸ்டாஃப் நொட்டேஷன் என்னும் மேற்கத்திய இசைக்குறிப்பு கற்றுக்கொண்டு, பகலில் கல்யாண பேண்டிலும் இரவில் ஒலிப்பதிவுக் கூடத்திலும் வாசித்த எங்கள் தெருக்காரர்கள் எந்தப் பக்கத்திலும் வந்ததில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பக்க நெருக்கடி என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆனால் அந்த ஒரு வரி என்னை இவ்வளவு சுட்டதற்குக் காரணம் வேறு. அதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். ஆடி, கானா, கிறிஸ்துமஸ், ஆட்டோ என்று நான்கு பாணிக்கும் கணக்கு எழுதிக்கொண்டு போனபோது, அந்தக் கடை முதலாளி முதல் மெட்டுக்கு மட்டும் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, “மத்ததெல்லாம் அதே மெட்டுதானே சார், தாளம்தானே மாத்தினீங்க?” என்று கேட்டார். பாடிய தம்பிக்கு என் கையிலிருந்து கொடுத்தேன். இனி எந்த முதலாளியும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் இதழின் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டால் போதும்.

நான் கேட்பது சிறியதுதான். கட்டுரையோடு வந்த படத்தில் ஓர் இளைஞர் மடியில் வைத்திருப்பதை ‘மிருதங்கம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வலப்பக்கத் தோலில் கரணை என்னும் கருப்பு வட்டம் இல்லாமல், கயிற்றில் இரும்பு வளையம் கோத்த மிருதங்கத்தை நான் எங்கும் கண்டதில்லை. அது டோலக். அடுத்த இதழில் இரண்டு வரியில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரைத் தவிர்த்துவிடுங்கள்; அந்தக் கடைக்காரர் தங்கள் இதழைத் தவறாமல் படிப்பவர், இந்த ஆண்டும் ஆடி வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ராயபுரம், சென்னை – 13