அக்காவுக்கு: காட்டுக்குள் ஒரு பாலர் பள்ளி

ஃபிளென்ஸ்பர்க், ஜெர்மனி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் பாலர் பள்ளியில் பிள்ளைகளை இனி வெளியே விளையாட விடப்போவதாக எழுதியிருந்தாய். இங்கே அதையே முழுப் பள்ளியாக நடத்துகிறார்கள். ஜெர்மனியில் அரசு அங்கீகாரம் பெற்ற முதல் காட்டுப் பாலர் பள்ளி 1993-இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. கட்டடம் இல்லை, ஒதுங்குவதற்கு அடுப்பு வைத்த மரவண்டி ஒன்று நிற்கும். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் மழையிலும் பனியிலும் வெளியேதான். பலத்த காற்றடித்தால் மட்டும் மரங்களுக்கடியில் போக மாட்டார்கள். முறிந்து தொங்கும் கிளை மறுநாளும் விழும் என்பதால், காற்று ஓய்ந்த பிறகும் மேலே பார்த்துவிட்டுத்தான் நுழைவார்கள்.

பொம்மை கிடையாது. குச்சி, கல், சேறு, காய்ந்த காய்கள். இதில் என்ன படிப்பு என்று பெற்றோர் கேட்டால், கனத்த மரத்துண்டை இரண்டு பேர் நகர்த்துவதைக் காட்டு. யார் எந்தப் பக்கம், எப்போது தள்ளுவது, எந்தக் கழியை அடியில் கொடுப்பது என்று பேசாமல் அது நகராது. நெம்புகோலும் திட்டமும் பேச்சும் ஒரே வேலையில் வந்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது நேரத்தில். இருபது நிமிடம் விட்டால் பிள்ளைகள் ஓடித் தீர்ப்பதற்கே சரியாகிவிடும். கட்டுவதும் கற்பனை விளையாட்டும் அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஒன்றரை மணி நேரமாவது கொடு. கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், சேர்க்காத பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-இல் வந்த முடிவு இது.

மரமேறுவதற்கு ஒரே விதி: யாரும் தூக்கி ஏற்றிவிடக் கூடாது. தானே ஏறிய பிள்ளைக்குக் கால் வைத்த இடம் தெரியும், இறங்கவும் வரும். "பார்த்து, பார்த்து" என்று கத்தினால் கவனம் கிளையை விட்டு உன் பக்கம் திரும்பிவிடும். "அடுத்த கால் எங்கே வைக்கப்போகிறாய்?" என்று கேள், போதும்.

பெரிய பிள்ளைகளுக்கு இங்கே கத்தியும் தருவார்கள் (பதறாதே!). உட்கார்ந்துதான் சீவ வேண்டும், உடம்புக்கு வெளிப்பக்கமாக, சுற்றிலும் ஒரு கை தூரத்துக்கு யாரும் இல்லாமல். பச்சைக் குச்சி நல்லது. காய்ந்ததற்கு அழுத்தம் அதிகம் தேவை, கத்தி வழுக்குவது அப்போதுதான். மழுங்கிய கத்தியிலும் அதே ஆபத்து.

உன் முற்றத்துக்கு முதலில் மணல்குழி போதும். முழங்கை ஆழமாவது தோண்டு. இல்லாவிட்டால் சுரங்கம் தோண்ட முடியாது. பருமணல் பிடித்து நிற்காது, நுண்மணலாகப் பார். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். பள்ளி விட்டதும் மூடிவை, பூனை வந்து அசுத்தம் செய்துவிடும். குழாய் வைத்த கேனும் சோப்பும் அருகில் இருந்தால் கை கழுவச் சொல்லி இழுபறி இருக்காது. கீழே கிடப்பது எதுவும் வாய்க்குள் போகக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

முற்றத்தின் நீள அகலமும், மர நிழல் காலையில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதும் எழுது. குழியை எங்கே வெட்டலாம் என்று வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி