பாதி வேர் மண்ணில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். முந்தாநாள் ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. "நைட் டூட்டிக்குப் போகும்போது லிஃப்டுலேயே கை நடுங்குதுப்பா. மருந்து அளவை மூணு தடவை பார்த்தும் சந்தேகம் தீரல. சாமிகிட்ட கேக்கறேன், ஒரு பதிலும் இல்ல" என்றாய். எனக்கு அப்போது வார்த்தை வரவில்லை. அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தானே புயலின்போது நீ ஏழாவது படித்தாய். 2011 டிசம்பர் 30, விடியற்காலை. காற்று அடங்கியதும் நம் முந்திரித் தோப்புக்கு ஓடினேன். தாத்தா வைத்த மரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்தன. வரப்போரத்துப் பலாவும் போயிற்று. தலைக்கு மேல் கடன். நாலு நாள் கழித்துத் திருவதிகைக் கோயிலுக்குப் போய், "நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு" என்று வீரட்டானேசுவரர் முன்னால் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. இதை உன்னிடம் சொன்னதே இல்லை: அன்று சாமி மேல் கோபம் வந்து, திருநீறு கூட வாங்காமல் திரும்பிவிட்டேன்.

வெளியே வரும்போது திலகவதியார் சந்நிதியில் கால் நின்றுவிட்டது. பெற்றவர்கள் போய், பேசி முடித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் இறந்து, ஒரே தம்பியும் வேறு சமயம் தேடிப் போய்விட்ட அம்மா அவர். விடியுமுன் எழுந்து இந்தக் கோயில் வாசலைத்தான் கூட்டினார், சாணம் மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். தம்பியைத் திருப்பிக் கொடு என்று வேண்டிக்கொண்டே கூட்டினார். சிவன் கனவில் வந்து வாக்குக் கொடுத்ததும், தம்பி சூலை நோய் என்ற கடும் வயிற்றுவலியோடு வந்து அக்கா கையால் திருநீறு வாங்கியதும் அப்புறம்தான். அந்தத் தம்பி அப்பராகப் போகிறார் என்று நமக்குத் தெரியும். துடைப்பம் பிடித்த நாட்களில் அந்த அம்மாவுக்குத் தெரியாது, பாப்பா.

மறுநாள் கோடாலியோடு தோப்புக்குப் போனேன். ஒரே ஒரு மரத்துக்குக் கிளை கழித்தேன். பயம் அப்படியேதான் இருந்தது. தினமும் போனேன். ஒரு நாள் பார்த்தால், சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் பாதி வேர் இன்னும் மண்ணுக்குள் இருந்தது! குனிந்து தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. மண் அணைத்து, தண்ணீர் ஊற்றினேன். நீ பிளஸ் டூவுக்கு ஏறி உட்கார்ந்து படித்தாயே, அந்த மரம்தான். விருத்தாசலத்து ஒட்டுக்கன்றெல்லாம் அதற்குப் பிறகு நட்டது. என்னைக் கோடாலி எடுக்க வைத்தது சாமிதான் என்று மனசார நம்புகிறேன்.

உன்னை மூணு தடவை மருந்தளவைப் பார்க்க வைப்பதும் அவர்தான். இன்னும் சந்தேகமா, பக்கத்தில் இருக்கும் சீனியர் நர்ஸைக் கூப்பிட்டுக் கேள். அவர் வாய் வழியாகவும் சாமி பேசுவார். நடுக்கம் விடவே இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லிவிடு கண்ணு, அதில் கூச்சம் எதற்கு? உனக்காக நான் தினமும் விளக்கேற்றுகிறேன்.

திருவதிகைத் திருநீறும் அந்தச் சாய்ந்த மரத்து முந்திரியும் பார்சலில் வருகின்றன. அம்மா உப்புப் போடாமல் வறுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்ததும் கூப்பிடு. டப்ளினில் உனக்கு விடிகிற நேரம் இங்கே மத்தியானம், சாப்பிடாமல் காத்திருப்போம்.

அன்புடன்,
அப்பா