வாசகர் வட்டம்: 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. பள்ளி மாணவர்களுக்கான பேச்சுப் போட்டி ஆகஸ்டில் நடந்தது, பரிசுகளும் அன்றே வழங்கப்பட்டன. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம். நூல் அலமாரிகளுக்குக் கரையான் மருந்து அடிக்கப்பட்டது.

மாதாந்திர வாசிப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். "நமக்கு எதற்கு பாலஸ்தீனம், தமிழில் படிக்க ஒன்றுமே இல்லையா?" என்று செயற்குழுவிலும் வெளியிலும் கேட்கப்பட்டது. அதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியது செயலாளரின் கடமை.

இது எப்படித் தொடங்கியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். காஸா செய்திகள் வரத் தொடங்கியதும் நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு அணிகள் உருவாகின. பல வருடப் பழக்கம் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார்கள். அந்தச் சண்டையில் ஒருவராவது ஒரு மூல ஆவணத்தைக் காட்டிப் பேசவில்லை. ஆகவே 1915 முதல் 1949 வரையிலான கடிதங்கள், ஒப்பந்தங்கள், ஐ.நா. தீர்மானங்களைத் தேதி வரிசைப்படி படிப்போம் என்று முன்மொழிந்தேன். செயற்குழு ஏற்றுக்கொண்டது, மினிட்ஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

முதலில் எடுத்தது எகிப்தில் பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்த ஹென்றி மக்மஹோன், மெக்காவை ஆண்ட ஷரீஃப் ஹுசைனுக்கு 1915 அக்டோபர் 24 அன்று எழுதிய கடிதம். இந்திய-சீன எல்லையில் மக்மஹோன் கோடு என்கிறோமே, அதே மக்மஹோன்தான். அந்தப் பகுதியை அப்போது ஆண்ட துருக்கியருக்கு எதிராக அரபுகள் எழுந்தால் அரபு நாட்டின் சுதந்திரத்தை பிரிட்டன் ஆதரிக்கும் என்கிறது கடிதம். ஆனால் டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ மாவட்டங்களுக்கு மேற்கே உள்ள பகுதிகள் அதில் சேராது. அட்லஸை மேசையில் விரித்து, அந்த நான்கு ஊர்களையும் தொட்டு அடிஸ்கேலை வைத்தோம். ஸ்கேலுக்கு மேற்கே வந்தது லெபனானும் சிரியாவின் கடற்கரையும். ஜெருசலேம் டமாஸ்கஸுக்கும் வெகு தெற்கே கிடக்கிறது. ஆனாலும் பாலஸ்தீனம் அந்த விலக்கில் அடக்கம் என்றே பிரிட்டன் 1922-ல் வாதாடியது. நம் உறுப்பினர்களில் ஒருவர் பத்திர எழுத்தர். "நாலு பக்கமும் செக்குபந்தி (எல்லை விவரம்) எழுதாத பத்திரம் கோர்ட்டுக்குத்தான் போகும்" என்றார். அந்த ஆண்டு முழுக்க நாங்கள் பேசியதில் இதைவிடச் சரியான வாக்கியம் இல்லை.

அடுத்த மாதம் சைக்ஸ்-பிகோ ஒப்பந்தம். அரபுகளுக்குக் கடிதம் எழுதிய சில மாதங்களிலேயே, 1916 மே மாதம், பிரிட்டனும் பிரான்சும் அதே நிலப்பரப்பைத் தமக்குள் ரகசியமாகப் பங்கிட்டுக்கொண்டன. பாலஸ்தீனத்தின் பெரும்பகுதி சர்வதேச நிர்வாகத்துக்கு என ஒதுக்கப்பட்டது. ரஷ்யப் புரட்சிக்குப் பின் போல்ஷெவிக்குகள் ஆவணக் காப்பகத்தைத் திறந்து பத்திரிகையில் போட்ட பிறகே உலகுக்குத் தெரிந்தது.

அதற்குள் 1917 நவம்பர் 2-ம் தேதி பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபரின் பிரகடனம் வந்துவிட்டது. பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதை பிரிட்டன் ஆதரிக்கிறது என்று பிரிட்டிஷ் யூதர்களின் முக்கியப் பிரமுகரான ராத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு எழுதிய சிறிய கடிதம் அது. அங்கே அப்போது பத்தில் ஒன்பது பங்கு மக்கள் அரபுகள். அவர்களுடைய குடிமை உரிமைகளும் சமய உரிமைகளும் காக்கப்படும் என்று எழுதியவர்கள், அரசியல் உரிமை பற்றி ஒன்றும் எழுதவில்லை. இதை பிரிட்டிஷ் அமைச்சரவைக்குள்ளேயே கடுமையாக எதிர்த்தவர் எட்வின் மாண்டேகு. இந்திய விவகார அமைச்சராக மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் வழியாக நாம் அறிந்த அதே மாண்டேகு, அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர். யூதர்களுக்குத் தனி நாடு என்று சொன்னால் பிற நாடுகளில் வாழும் யூதர்களை அந்நியர்களாக்க அதுவே சாக்காகிவிடும் என்று அஞ்சினார். அங்கே ஏற்கெனவே வாழ்பவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டவர் வங்கத்தைப் பிரித்த கர்சன். நம் பள்ளிப் பாடத்தில் வந்த இருவரும் அந்த அறைக்குள் இருந்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் பலர் தெரிந்துகொண்டார்கள். "நமக்கு எதற்கு" என்று கேட்டவர்கள் அன்று வரவில்லை.

இங்கே மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் இரவு பகலாக எழுதியவர்கள் வாசிப்புக்கு வரவில்லை. ஒரு தரப்பார் பால்ஃபர் முடிந்ததும், "குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்குப் படிக்க வேண்டும்" என்று நின்றுகொண்டார்கள். மற்றொரு தரப்பார், அரபுகளுக்குச் சாதகமான காகிதங்களாகத் தேடி எடுப்பதாகச் செயலாளர்மீது குறை சொன்னார்கள். இருவரும் 1930-கள் பற்றிய கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதை நடத்தினார். முதல் உலகப் போருக்குப் பின் பாலஸ்தீனம் பிரிட்டனின் ஆட்சிக்கு வந்தது. 1922 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 7,57,182, அதில் யூதர்கள் 83,794. ஹிட்லர் வந்தபின் அந்த எண்ணிக்கை வேகமாக ஏறியது. 1936-ல் அரபுக் கிளர்ச்சி வெடித்தது, 1937-ல் பிரிட்டன் அமைத்த பீல் ஆணையம், யூத நாடு, அரபு நாடு என்ற பிரிவினையை முதன்முதலாகப் பரிந்துரைத்தது. 1938 ஜூலையில் பிரான்சின் எவியானில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளுக்காக வருத்தம் தெரிவித்தன. கதவைத் திறக்கப் பெரும்பாலான நாடுகள் முன்வரவில்லை. மறு ஆண்டு மே மாதம் பிரிட்டன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பாலஸ்தீனத்துக்குள் ஐந்தாண்டுகளில் 75,000 யூதர்களுக்கு மேல் அனுமதி கிடையாது என்றது. போக வேறு இடமே இல்லாத நேரத்தில் இந்தக் கதவும் சாத்தப்பட்டது. ஆசிரியர் இதைச் சொல்லி முடித்தபோது யாரும் எந்தத் தரப்பாகவும் பேசவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாக இருந்தன என்பதுதான் எனக்குள்ள ஆதங்கம்.

பிரிட்டன் கையை விரித்து, 1947 பிப்ரவரியில் பிரச்சினையை ஐ.நா.விடம் தள்ளியது. 11 நாடுகள் கொண்ட குழுவில் இந்தியாவும் இருந்தது. நம் பிரதிநிதி லாகூர் உயர்நீதிமன்ற நீதிபதி சர் அப்துர் ரஹ்மான். அவர் பாலஸ்தீனத்தைப் பிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அந்தக் கோடையில்தான் அவருடைய பஞ்சாபே இரண்டாகப் பிளந்தது. குழுவின் பெரும்பான்மை பிரிவினை என்றது. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் ஒரே கூட்டாட்சி நாடு என்று தனி அறிக்கை கொடுத்தன. நவம்பர் 29 அன்று பொதுச்சபையில் பிரிவினைத் தீர்மானம் 33-க்கு 13 என்று நிறைவேறியது, 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. எதிர்த்த 13-ல் இந்தியா ஒன்று. "நமக்கு எதற்கு" என்ற கேள்விக்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை.

கடைசி மாதம், 1948-ல் இஸ்ரேல் உருவானதும் அரபு நாடுகளோடு மூண்ட போரின் போர்நிறுத்தக் கோடு. 1948 நவம்பரில் இஸ்ரேலின் மோஷே தயானும் ஜோர்டான் படையின் அப்துல்லா அல்-தல்லும் ஜெருசலேமில் வரைபடத்தை விரித்து, ஒருவர் பச்சைப் பென்சிலாலும் மற்றவர் சிவப்புப் பென்சிலாலும் கோடு போட்டார்கள். 1:20,000 அளவுள்ள வரைபடம், மொத்தை முனைப் பென்சில். கோட்டின் தடிமன் மூன்று நான்கு மில்லிமீட்டர். ஓர் உறுப்பினரின் பத்தாம் வகுப்புப் பையன் அங்கேயே பெருக்கிச் சொன்னான்: தரையில் அது 60 முதல் 80 மீட்டர், ஒரு தெருவே உள்ளே போய்விடும். கோட்டுக்கு அடியில் இருந்த வீடுகள் யாருக்கு என்பது பிறகு பல வருடத் தகராறானது. இதெல்லாம் எல்லையே அல்ல, இறுதி உடன்பாடு வரும்வரை தற்காலிக ஏற்பாடு என்று 1949 ஏப்ரல் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. வீடிழந்து வெளியேறிய பாலஸ்தீனர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல்.

கணக்கு விவரம்: வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமம், சிறிய தொகை கையிருப்பு உள்ளது. ஜெராக்ஸ் செலவு கூடுதல் என்று தணிக்கையாளர் குறிப்பிட்டிருக்கிறார். உண்மைதான். வந்த ஒவ்வொருவர் கையிலும் ஆவணம் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சந்தா ஒழுங்காக வந்திருந்தால் இந்தச் செலவு பேச்சுக்கே வந்திருக்காது. உறுப்பினர்களில் கணிசமானோர் இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருக்கிறார்கள். பெயர்களை வாசிக்கச் சொன்னார்கள், வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

மாடி அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்த உரிமையாளர், ஒவ்வொரு கூட்டத்துக்கும் டீயும் சுண்டலும் பார்த்துக்கொண்ட மகளிர் அணி, அட்லஸ் தந்த உறுப்பினர், தணிக்கையாளர் அனைவருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் 1949-லிருந்து 1967-ல் வந்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242-வது தீர்மானம் வரை படிக்கத் திட்டம் உள்ளது. புதிய செயலாளர் வேண்டும் என்று பொதுக்குழு நினைத்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைத்துவிடுகிறேன், ஆவணக் கோப்புகள் வரிசையாக இருக்கின்றன. அப்படி இல்லையென்றால், குழுவை விட்டு வெளியேறிய இரு தரப்பு நண்பர்களையும் தலைவர் நேரில் பார்த்து அழைத்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் இல்லாமல் இந்த வாசிப்பு நடப்பதில் எனக்கு நிறைவில்லை. முதல் கூட்டம் அடுத்த மாத இரண்டாவது ஞாயிறு மாலை, வழக்கமான இடத்தில். சந்தாவை அதற்கு முன் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர்