கிடா வெட்டும் ஓட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். சாலை, குடிநீர், விலைவாசியை வைத்துத்தான் ஓட்டு விழும் என்று கட்சிகள் நினைக்கின்றன. எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி, 2003-ல் கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தமிழகத்தின் அன்றைய அ.தி.மு.க. அரசு தடை போட்டது. குலதெய்வத்துக்கு அந்த வருடம் சர்க்கரைப் பொங்கலோடு சரி. நேர்ந்துவிட்ட கிடா தொழுவத்திலேயே நின்றது. பரம்பரைக் கட்சிக்காரரான பெரியப்பா, "என் சாமிக்கு நான் செய்வதைத் தடுக்க இவர்கள் யார்?" என்று குமுறினார்.

2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணி 39 தொகுதிகளிலும் தோற்றது. அரசு ஊழியர்களின் கோபம் உட்பட வேறு காரணங்களும் உண்டுதான். பலித் தடைச் சட்டம், கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இரண்டுமே அந்த ஆண்டே விலக்கப்பட்டன. பெரியப்பா மட்டும் பழைய சின்னத்துக்குத் திரும்பவேயில்லை.

– ஒரு வாசகர், மதுரை மாவட்டம்