குட்டியின் மூச்சுச் சத்தம்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பூனைக்குட்டி வீடியோவைச் சத்தம் கூட்டி வைத்து இரண்டு மூன்று முறை பார்த்தேன். குட்டி மூச்சை உள்ளே இழுக்கும்போது மூக்கில் ஈரமாக ‘கொர கொர’ என்கிறது. வாய் மூடியிருக்கிறது. வயிறு எக்கவில்லை. ஈறு ரோஜா நிறமாகத் தெரிகிறது. இது மூக்கடைப்பு. இந்த ராத்திரியே ஓட வேண்டியதில்லை. ஆனால் நாளைக் காலையில் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதே. ஆறேழு வாரக் குட்டிக்கு உடம்பில் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே சர்க்கரை இறங்கி, உடம்பு குளிர்ந்து துவண்டுவிடும்.

சத்தம் பெரிதாக இருக்கிறதே என்று பயப்படுகிறாய். சத்தத்தை விட மூச்சு விடுவதற்கு அது எவ்வளவு பாடுபடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூக்கு அடைத்துக்கொண்டு வீடே கேட்கும்படி கொரகொரக்கும் குட்டி, கிண்ணத்தைக் கண்டதும் ஓடி வந்து சாப்பிட்டால் பெரும்பாலும் தேறிவிடும். சத்தமே போடாமல் மூலையில் குந்தி, கழுத்தை நீட்டி, முன்னங்கால் முட்டிகளை விலாவிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு இருக்கும் குட்டிதான் ஆபத்தில் இருக்கிறது. நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தாலோ, கீழே விழுந்து உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கிழிந்திருந்தாலோ இப்படித்தான் இருக்கும்.

மூச்சை எண்ணுவதற்குச் சரியான நேரம் அது நன்றாகத் தூங்கும்போதுதான். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கு. விளையாடி முடித்த உடனே எண்ணாதே. கொஞ்சும்போது தொண்டையில் ‘குர்ர்’ என்று ஒரு அதிர்வு வருமே, அந்த நேரத்திலும் வேண்டாம். அந்தக் குர்ர் இழுக்கும்போதும் விடும்போதும் ஒரே சீராக வரும், கை வைத்தால் அதிரும், கவனம் வேறு பக்கம் திரும்பினால் நின்றுவிடும். நோய்ச் சத்தம் அப்படி நிற்காது. தூக்கத்தில் நிமிடத்துக்கு 30 வரை இருந்தால் கவலையில்லை. குட்டிகளுக்கு அதற்குக் கொஞ்சம் மேலே போகும். கனவு காணும் நேரத்திலும் கூடும், அதனால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை எண்ணு. திரும்பத் திரும்ப 40-க்கு மேல் வந்தால் காலைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சத்தத்தின் தன்மையும் இடத்தைச் சொல்லும். ஈரமான குறட்டை மாதிரி இருந்தால் மூக்கிலோ மூக்கின் பின்புறத்திலோ அடைப்பு. இழுக்கும்போது கீச்சென்று மெல்லிய விசில் போல வந்தால் குரல்வளை. அது சளி அல்ல, உடனே பார்க்க வேண்டியது. மூச்சை விடும்போது ‘வீஸ்’ என்று இழுத்தால் நுரையீரலின் சிறு குழாய்கள். குமிழி உடைவது போல நெஞ்சில் கேட்டால் உள்ளே நீரோ நிமோனியாவோ இருக்கும். இன்னொன்று, சளியும் தும்மலும் இல்லாமல் வாரக் கணக்கில் குறட்டை மட்டும் நீடித்து, குரலும் மாறி, தலை ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால், நடுக்காதிலிருந்தோ தொண்டையிலிருந்தோ வளரும் பாலிப் சதையாக இருக்கலாம். இளம் பூனைகளுக்கு வருவதுதான். டாக்டர் மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிடுவார். ஆன்டிபயாட்டிக் எத்தனை கொடுத்தாலும் அது கரையாது.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எந்த நேரமானாலும் கிளம்பு: வாயைத் திறந்து மூச்சு விடுவது, ஈறோ நாக்கோ நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ வெளுத்தோ போவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கி வயிறு வெளியே தள்ளுவது, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பது, எழுப்பினாலும் துவண்டு விழுவது. நாய் வெயிலில் வாய் திறந்து இளைக்கும், பூனை அப்படி இளைக்காது. ஓய்வாக இருக்கும் பூனை வாய் திறந்து மூச்சு வாங்கினால் அதை அவசரம் என்றே வைத்துக்கொள். ஈறு வெளுத்து மூச்சு வேகமாக இருந்தால் தெள்ளுப்பூச்சியும் காரணமாக இருக்கலாம். முடியை விலக்கிப் பார், மிளகுத்தூள் போலக் கருப்பாக உதிர்வதை ஈரப் பஞ்சில் வைத்தால் சிவப்பாகக் கரையும். தெருக்குட்டியின் சின்ன உடம்பில் பூச்சி உறிஞ்சும் ரத்தமே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

உன் குட்டிக்குப் பெரும்பாலும் வைரஸ் சளியாகத்தான் இருக்கும். பூனைகளின் மேல்மூச்சுச் சளியில் பெரும்பகுதிக்கு ஹெர்பிஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்களே காரணம். கண் சிவந்து பீளை தள்ளி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தால் ஹெர்பிஸ் பக்கம் சந்தேகம். நாக்கில் புண், எச்சில் வடிதல் என்றால் கலிசி. பின்னாலேயே பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். தெளிந்த நீராக இருந்த மூக்குச்சளி மஞ்சள் பச்சையாகி ஒட்டிக்கொள்வது அதனால்தான். சாதாரணமாக ஒரு வாரம், பத்து நாளில் தெளியும், சிலதுக்கு மூன்று வாரம்கூட ஆகும். ஹெர்பிஸ் வந்த பூனையின் உடம்பில் அந்த வைரஸ் கடைசிவரை தங்கிவிடும். வீடு மாறினாலோ புதுப் பூனை வந்தாலோ மறுபடி தும்மலாகத் தலைகாட்டும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றாது. சிரிஞ்சில் பால் கொடுக்கிறாய் என்றாயே, மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுக்கிறாயா? கைக்குழந்தைக்குச் செய்வது போலக் குட்டிக்குச் செய்யக்கூடாது. பால் நேராக மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியா வந்துவிடும். குப்புற, நான்கு காலும் தரையில் படும்படி வைத்து, தலையை இயல்பாக விட்டு, வாயின் ஓரத்தில் அரை மில்லி அரை மில்லியாக விடு. ஒவ்வொரு முறையும் விழுங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்தது. கொடுக்கும்போது மூக்கு வழியாகப் பால் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல், மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று பார்ப்பார். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் குட்டிக்கு வாயில் எதையும் புகட்டவே கூடாது.

இன்று இரவு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் சமையல் தராசில் எடை பார்த்து எழுதி வை. தினமும் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். நல்ல குட்டி நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏறும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே கவனி, இறங்கினால் அன்றே டாக்டர். பிறகு உடம்புச் சூடு. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வை, மறு பக்கம் காலியாக இருக்கட்டும், சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ளும். உடம்பு சில்லென்று இருக்கும்போது சாப்பாடு கொடுக்காதே, செரிக்காது. சூடேற்றிய பிறகுதான் உணவு.

மூக்கில் காய்ந்த பொருக்கைப் பிய்க்காதே. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஒரு நிமிடம் வைத்தால் ஊறி வரும். கண்ணுக்குத் தனிப் பஞ்சு, ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு வேறு. மருந்துக் கடையில் சலைன் மூக்குச் சொட்டு கேள். உறையில் சோடியம் குளோரைடு மட்டுமே இருக்க வேண்டும். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்ற மூக்கடைப்பு மருந்துகளின் பெயர் எழுதியிருந்தால் வாங்காதே. துவாரத்துக்கு ஒரு சொட்டு போதும், தும்மிச் சளியை வெளியே தள்ளும். குளியலறைக் கதவை மூடி, வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் குட்டியை மடியில் வைத்துப் பத்து நிமிடம் உட்கார். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் பிடிக்கவே கூடாது.

மூக்கைத் திறந்துவிட்ட கையோடு சாப்பாடு வை. பூனை வாசனை தெரிந்தால்தான் வாய் வைக்கும், மூக்கடைத்த குட்டி பட்டினி கிடப்பது பசியில்லாமல் அல்ல. வேகவைத்த கோழிக்கறியையோ முள் நீக்கிய மீனையோ உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் அரைத்து, கை பொறுக்கும் சூட்டில் கொடு. ஒன்றிரண்டு நாளுக்கு இது போதும், தேறியதும் குட்டிகளுக்கான உணவுக்கு மாற்றிவிடு. பசும்பால் வேண்டாம், கழிச்சல் வரும். குட்டிக்கான பால் மாவு என்றால் ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிக்கு மேல் போகாதே.

இதைக் கண்ணும் கருத்துமாகக் கேள், கண்ணு. நம் வீட்டுச் சளி வைத்தியம் எதையும் அதனிடம் கொண்டுபோகாதே. நீலகிரித் தைலம், கற்பூரம், நெஞ்சில் தடவும் களிம்பு எல்லாம் பூனைக்கு விஷம், தடவினால் நக்கி உள்ளே போகும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை இருக்கும் அறையில் வைக்காதே. பாராசிட்டமால் துளிகூடக் கூடாது. அதை உடைக்கும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி இறந்துவிடும். ஒரே மாத்திரை வளர்ந்த பூனையையே கொல்லும். நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்தும் அப்படித்தான், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வரும். யாரோ மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக், கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு இவையும் வேண்டாம். ஹெர்பிஸ் புண் உள்ள கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் புண் ஆழமாகிப் பார்வையே போகலாம்.

நாளை போகும்போது மூடியில் காற்றுத் துளை போட்ட பெட்டியில், துண்டு விரித்து, தன் இஷ்டப்படி உட்காரும்படி வை. நெஞ்சை இறுக்கிச் சுற்றாதே, கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்காதே. தூங்கும்போது 30 நொடி வீடியோ எடுத்துக்கொள், டாக்டர் மேசையில் பயந்து அது வேறு மாதிரி மூச்சு விடும். எடைக் கணக்கு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், குடற்பூச்சி மருந்து கொடுத்தாயா என்பதையும் எழுதிக்கொள். பக்கத்து கிளினிக் திருப்தியாக இல்லையென்றால் வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, கல்லூரி 1903-இல் தொடங்கியது. ராத்திரி அவசரத்துக்கு எங்கே பார்ப்பார்கள் என்று இப்போதே போனில் கேட்டு எண்ணைக் குறித்து வை.

மூச்சுத் திணறலோடு போனால் முதலில் ஆக்சிஜன் வைத்து அமைதிப்படுத்திவிட்டுத்தான் தொடுவார்கள். அவசரப்படுத்தாதே. பிடித்து அழுத்தி எக்ஸ்ரே எடுக்கும் பதற்றமே உயிரைப் பறிக்கும். சளி என்று உறுதியானால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதுவார்கள். மாத்திரையாகக் கொடுத்தால் பின்னாலேயே 5 மில்லி தண்ணீரோ கொஞ்சம் உணவோ கொடு. உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கே புண்ணாகிச் சுருங்கிவிடும். இரண்டு நாளில் தேறியது போல இருந்தாலும் சொன்ன நாள் வரை நிறுத்தாதே.

உன் அறைத்தோழியின் பூனையை இரண்டு வாரமாவது வேறு அறையில் வை. கிண்ணம், மணல் தட்டு எல்லாம் தனித்தனி. கலிசி வைரஸ் தரையில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், கை துடைக்கும் சானிடைசருக்கு அசையாது. கையைச் சோப்புப் போட்டே கழுவு. தரைக்கு 1 லிட்டர் தண்ணீரில் 30 மில்லி பிளீச் கலந்து பத்து நிமிடம் விட்டுக் கழுவி, காய்ந்த பிறகு குட்டியை விடு. ஃபினாயில் பூனைக்கு ஆகாது. இந்த இரண்டு வைரஸும் உன்னை ஒன்றும் செய்யாது. ஆனால் குட்டி கடித்தாலோ பிராண்டினாலோ 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் ரேபிஸ் ஊசிக்குக் கேள், சின்னக் கீறல்தானே என்று விடாதே.

முழுதாகத் தேறியதும் தடுப்பூசி. ஹெர்பிஸ், கலிசி, பான்லூகோபீனியா (பூனைகளுக்கு வரும் கொடிய வைரஸ் நோய்) மூன்றுக்குமான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் தாண்டும் வரை போட வேண்டும். ரேபிஸ் 12 வாரத்தில். சளியோடு இருக்கும்போது போடச் சொல்லி வற்புறுத்தாதே, டாக்டர் நாள் சொல்வார்.

இன்றைய எடையையும் தூக்க மூச்சு எண்ணிக்கையையும் படுக்கும் முன் எனக்கு அனுப்பு. 40-க்கு மேல் இருந்தால் மெசேஜ் வேண்டாம், போன் செய், நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா