குளத்தில் கண்ட ஒன்றாம் வகுப்புப் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றில் குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வராத செய்தி ஒவ்வொரு கோடையிலும் உங்கள் நாளிதழில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருவன் தத்தளித்திருப்பான், அவனைப் பிடிக்கக் குதித்தவனும் சேர்ந்து போயிருப்பான். படித்துவிட்டு, "ஆத்துப் பக்கமே போகாதே" என்று வீட்டுப் பிள்ளையை மிரட்டுவதோடு நம் கடமை முடிகிறது. முப்பத்திரண்டு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்த நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு, ஆறு வயதுப் பேத்தியை நீச்சல் முகாமுக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. அங்கே பன்னிரண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் நீச்சல் பழகியது எங்கள் தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை தாய்மாமா கையில். மூன்றாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டுப் படியிலிருந்து தள்ளிவிட்டார். நீச்சல் வந்துவிட்டது. ஆனால் முகத்தைத் தண்ணீருக்குள் விடும் பயம் இந்த அறுபத்தோரு வயதிலும் போகவில்லை.

பேத்தியின் பயிற்சியாளர் முதல் மூன்று நாள் பிள்ளைகளை நீந்தவே விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குமிழி விடச் சொன்னார், அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பணம் கட்டினோம் என்று எனக்கு எரிச்சல்.

நான்காம் நாள்தான் கவனித்தேன். மூச்சை இழு, முகத்தை உள்ளே விடு, மூன்று எண்ணிக்கொண்டே ஊது, தலையைத் தூக்கு. இவை நான்கு கட்டளைகள். வரிசை தப்பினால் மூக்கில் தண்ணீர் ஏறிவிடும். என் வகுப்பில் வரிசை தப்பினால் நான் சத்தம் போடுவேன், வேறொன்றும் நடக்காது. எங்கள் பேத்தி, "புத்தகத்தை எடு, பன்னிரண்டாம் பக்கம் திருப்பு" என்றால் புத்தகத்தை எடுத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிற ரகம். அவள் அங்கே அடுத்த சொல் என்ன வரப்போகிறது என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பதாம் நாள் யாரும் சொல்லாமலே நான்கையும் செய்தாள்.

இடம், வலம், மேல், கீழ் என்று நான் படஅட்டை காட்டிக் கற்பித்தவள். அங்கே வலது கை மேலே வரும்போது முகத்தையும் வலப்பக்கம் திருப்பினால்தான் மூச்சு கிடைக்கும். அந்தப் பாடம் மறக்குமா? பலகையைப் பிடித்துக்கொண்டு இருபது உதை, ஓய்வு, மறுபடி இருபது. எண்ணுவது அவரவர் பொறுப்பு. "அம்மாச்சி, நான் இன்னைக்கு அஞ்சு இருபது, நூறு!" என்று பேருந்தில் எல்லாருக்கும் கேட்கக் கத்தினாள்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் 2009 முதல் சில ஆண்டுகள் நடத்திய ஆய்வில், நீச்சல் பழகும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பேச்சிலும் எண்ணிலும் சொன்னதைப் புரிந்து செய்வதிலும் சில மாதங்கள் முந்தியிருப்பதாகக் கண்டார்கள். சுமார் 7,000 பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் தந்த பதில்களே அதற்குப் பெரும் ஆதாரம். எந்தப் பெற்றோர் தன் பிள்ளையைக் குறைத்துச் சொல்வார்கள்? அதனால் அதை அப்படியே விழுங்க வேண்டாம். நீந்தினால் கணக்கு வரும் என்று நானும் சத்தியம் செய்ய மாட்டேன். கண்ணெதிரே ஒரு பிள்ளை சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகியதைப் பார்த்தேன், அதைத்தான் சொல்கிறேன்.

கடைசி நாள் நீச்சலே இல்லை. யாராவது மூழ்கினால் குதிக்காதே, கத்தி ஆளைக் கூப்பிடு, மிதக்கிற பொருளைக் கயிற்றில் கட்டி எறி என்று காலி பிளாஸ்டிக் கேனை எறியப் பழக்கினார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலோடு பாதுகாப்பாகக் காப்பாற்றும் முறையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அன்று சாயங்காலம் பேத்தி என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, துப்பட்டாவில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி எறிந்தாள். இரண்டு முறை சுவரில் பட்டது. மூன்றாவது என் மடியில் விழுந்தது.

நான் வேலை பார்த்த அரசுப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளைகூட அந்த முகாமில் இல்லை. கட்டணம், பேருந்துச் செலவு, கூட்டிவர ஆளில்லை. பெண் பயிற்சியாளரும் இல்லாததால் பெரிய பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்பவில்லை. ஆற்றங்கரையில் வீடு இருப்பதோ அவர்களுக்குத்தான். நாங்கள் குளித்த காலத்தில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இப்போது மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறதென்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், பள்ளி தொடங்கிய சூட்டோடு இங்கே தண்ணீரும் வந்துவிடும்.

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களை ஒரு பருவத்துக்காவது வாரம் ஒருநாள் பள்ளியிலிருந்தே வண்டியில் கூட்டிப்போகலாம். பேத்தி போன நீச்சல் குளத்தில் முகாம் முடிந்தபின் காலை ஒன்பது மணிக்கு மேல் ஆளே இருப்பதில்லை என்று அங்குள்ள காவலாளி சொன்னார். பள்ளிக்கூடம் நடக்கிற நேரமும் அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
குளித்தலை